பெற்றோல் வாடையும் கரிப் பெட்டியும்: மலையகத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பெற்றோல் கார் என்றால் கொஞ்சம் பெற்றோல் வாடை அடிக்கத்தான் செய்யும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. ஒழுங்காக இருக்கும் காரில், அது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காராக இருந்தாலும், வாடை வரவே கூடாது. டேங்கிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து, எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிப்பதற்கென்று காருக்குள் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் பெரும்பாலான சொந்தக்காரர்கள் பார்த்ததே இல்லை. கராஜிலும் அதிகம் பேச்சு வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் "அது தேவையில்லாத சாமான், கழட்டி விட்டுடலாம்" என்ற ஆலோசனையோடுதான் வருகிறது. அப்படிக் கழற்றக் கூடாது என்பதையும், பழுதானால் எந்த வரிசையில் பார்த்துச் சரி செய்வது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பெற்றோலின் குணத்தைப் பார்ப்போம். தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அடுப்பில் வைக்க வேண்டும். பெற்றோல் அப்படியில்லை. அது ஒரே பொருளும் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் இலேசானவை சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். நுவரெலியாவின் தை மாதக் குளிரிலும் அது நிற்பதில்லை, குறையும், அவ்வளவுதான். ஆகவே மூடிய டேங்க் ஒன்றில் பெற்றோலுக்கு மேலே உள்ள காலி இடம் எப்போதும் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்ததாகத்தான் இருக்கும். பகல் வெயிலில் டேங்க் சூடேறும்போது இந்தக் கலவை விரிந்து வெளியே தள்ளும். இரவில் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார் ஓட வேண்டும் என்பதே இல்லை. நிறுத்திய இடத்திலேயே தினமும் இது நடக்கும்.

டீசல் இந்த அளவுக்கு ஆவியாவதில்லை. அதனால்தான் டீசல் வேன்களிலும் லொறிகளிலும் இந்த அமைப்பைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே சொல்வதெல்லாம் பெற்றோல் வாகனங்களுக்கும், பெற்றோல் எஞ்சின் உள்ள ஹைபிரிட் வாகனங்களுக்கும்.

மலை ஏறும்போது இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக ஒரு கார் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் பாதி பெற்றோல், மேலே 20 லீற்றர் காலி இடம். அந்தக் காலி இடத்தில் வெறும் காற்று மட்டும் இருந்தாலே, வெளி அழுத்தம் குறையக் குறைய அது விரிந்து சுமார் 5 லீற்றர் வெளியே போக வேண்டியிருக்கும். ஆவியும் கலந்திருப்பதால் அதைவிடக் கூடுதலாகவே போகும், ஏனென்றால் அழுத்தம் குறைந்தால் பெற்றோல் இன்னும் வேகமாக ஆவியாகும். மேலே குளிராக இருப்பது இதைக் கொஞ்சம் குறைக்கும், முழுவதும் ஈடுகட்டாது. ஆகவே தென்மாகாணத்தின் சமவெளியில் ஓடும் காருக்கு வாய்க்காத ஒரு வேலை, ஏ7 பாதையில் ஏறும் ஒவ்வொரு காருக்கும் இருக்கிறது.

இதை ஏன் பிடித்து வைக்க வேண்டும்?

ஒரு காலத்தில் யாரும் பிடித்து வைக்கவில்லை. டேங்க் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும், ஆவி அதன் வழியே வெளியே போய்விடும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1940களில் கண்ணை எரிக்கும் ஒருவகைப் புகைமூட்டம் தொடர்ந்து வந்தது. நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அதை ஆராய்ந்து, 1950களின் தொடக்கத்தில் காரணத்தைக் காட்டினார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஒக்சைட்டுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன என்பதே அது. அந்த ஹைட்ரோகார்பன்களில் ஒரு நல்ல பங்கு புகைக்குழாயிலிருந்து வரவில்லை. டேங்கிலிருந்தும் காபரேட்டரிலிருந்தும் சும்மா ஆவியாகிப் போனது. 1970 மொடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1971 மொடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஆவியைப் பிடிக்கும் அமைப்பு கட்டாயமானது. ஜப்பானும் ஐரோப்பாவும் பின்னர் தங்கள் சட்டங்களைக் கொண்டுவந்தன. நம் ஊருக்கு வரும் ஜப்பானியக் கார்களில் இது இருப்பதற்குக் காரணம் அந்த நாட்டுச் சட்டம்தான்.

லொஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி மலைகள். புகை கலைந்து போக வழி குறைவு. கண்டி நகரமும் அப்படித்தான் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, அங்கே மாலை நேரத்து நெரிசலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காற்றின் தரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு பெற்றோலில் பென்சீன் இருக்கிறது, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். வீட்டுச் சுவரோடு ஒட்டிக் காரை நிறுத்தும் நமக்கு இந்த இரண்டாவது காரணமே போதும்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் முன் வருடந்தோறும் நாம் செய்யும் புகைப் பரிசோதனை இந்த ஆவியைப் பார்ப்பதில்லை. அங்கே குழாயைப் புகைக்குழாய்க்குள் விட்டு, காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டேங்கிலிருந்து எவ்வளவு ஆவி கசிந்தாலும் அந்தத் தாளில் அது வராது. ஆனால் இந்த அமைப்பில் ஒரு குறிப்பிட்ட பழுது வந்தால் அதே பரிசோதனையில் தோற்க வைத்துவிடும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆவி போகும் வழி

டேங்கின் மேற்பகுதியில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. கார் சரிந்தாலோ கவிழ்ந்தாலோ பெற்றோல் வெளியே ஓடாதபடி அது அடைத்துக்கொள்ளும். சாதாரண நேரத்தில் ஆவியை மட்டும் விடும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கெனிஸ்டர் என்ற கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குப் போகிறது. சில கார்களில் அது பொனட்டுக்குக் கீழே இருக்கும், பல புதிய கார்களில் டேங்குக்குப் பக்கத்தில் அடியில் இருக்கும். அந்தப் பெட்டி நிறைய கரி. கெனிஸ்டருக்கு மூன்று வாய்கள். ஒன்று டேங்கிலிருந்து வருவது. ஒன்று எஞ்சினுக்குப் போவது. மூன்றாவது வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் காரின் அமைப்பையும் புரிந்துகொள்ளலாம். எந்தப் பழுதும் இந்த மூன்று வாய்களில் ஒன்றின் பக்கமாகத்தான் இருக்கும், இல்லையென்றால் டேங்க் மூடியிலோ கெனிஸ்டரிலோ.

உள்ளே இருப்பது அடுப்புக்கரி இல்லை. சூட்டாலும் நீராவியாலும் அல்லது இரசாயனத்தாலும் பதப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாக்கிய கரி. அந்தத் துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பார்த்தால் ஒரே ஒரு கிராம் கரிக்கு ஆயிரம் சதுர மீற்றருக்கு மேல் பரப்பு வரும். தோட்டத்தில் வீட்டுக்கு 7 பேர்ச் என்று கணக்குப் பார்க்கும் நமக்கு இதை இப்படிச் சொன்னால் விளங்கும்: ஒரு கிராம் கரிக்குள் 40 பேர்ச் காணி இருக்கிறது. அந்தச் சுவர்களில்தான் பெற்றோல் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. காற்று மட்டும் மூன்றாவது வாய் வழியாகச் சுத்தமாக வெளியே போகிறது.

இலங்கை தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இப்படிப்பட்ட கரி செய்து உலகமெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு. தண்ணீர் சுத்திகரிக்க அது மிகச் சிறந்தது. ஆனால் கார் கெனிஸ்டருக்குப் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த கரியையே போடுகிறார்கள். சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, பிடித்ததை இலகுவில் விடாது. கெனிஸ்டர் பிடிக்கவும் வேண்டும், கேட்கும்போது விடவும் வேண்டும். அதற்குச் சற்று அகலமான துளைகள் தேவை.

விடுவது எப்படி? எஞ்சின் ஓடும்போது, அதற்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மெனிஃபோல்டில் காற்றை இழுக்கும் விசை இருக்கும். கெனிஸ்டருக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவே பர்ஜ் வால்வு என்ற ஒரு மின்வால்வு இருக்கிறது. எஞ்சின் சூடேறி, ஓட்டம் சீரான பிறகு, காரின் கம்பியூட்டர் அந்த வால்வை வேக வேகமாகத் திறந்து மூடுகிறது. மெனிஃபோல்ட் இழுக்கிறது, மூன்றாவது வாய் வழியாக வெளிக்காற்று கெனிஸ்டருக்குள் நுழைகிறது, கரியில் ஒட்டியிருந்த பெற்றோலைக் கழற்றிக்கொண்டு எஞ்சினுக்குள் போய் எரிகிறது. கரி மறுபடி காலியாகி அடுத்த ஆவிக்குத் தயாராகிறது. வேறெந்த வேலையும் இல்லை. கரி தேய்வதில்லை. ஒழுங்காக நடத்தினால் காரின் ஆயுள் முழுவதும் கெனிஸ்டர் உழைக்கும்.

மலையில் கெனிஸ்டருக்கு ஏன் கஷ்டம்

பர்ஜ் வேலை நடக்க இரண்டு நிபந்தனைகள்: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மெனிஃபோல்டில் நல்ல இழுவிசை இருக்க வேண்டும். இப்போது நம் பாதைகளை நினைத்துப் பாருங்கள். றம்பொடைப் பக்கம் ஏறும்போது எக்ஸிலேட்டரை ஆழ மிதிக்கிறோம். எஞ்சினுக்குக் காற்று விடும் கதவான த்ரொட்டில் அகலத் திறக்கும், அப்போது மெனிஃபோல்டில் இழுவிசை மிகக் குறைந்துவிடும். வால்வு திறந்திருந்தாலும் கெனிஸ்டரிலிருந்து அதிகம் வராது. சரி, இறங்கும்போது? கியரில் பிடித்துக்கொண்டு காலை எடுத்துவிட்டால் இழுவிசை உச்சத்தில் இருக்கும். ஆனால் அப்போது கம்பியூட்டர் பெற்றோல் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறது. எரிக்காத நேரத்தில் ஆவியை உள்ளே விட்டால் அது எரியாமல், புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குப் போகும் என்பதால் பர்ஜ் வால்வையும் மூடிவிடுகிறது. ஆக ஏற்றத்திலும் வேலை குறைவு, இறக்கத்திலும் வேலை இல்லை. நடுவில் வரும் சமதரைத் துண்டுகளில்தான் கெனிஸ்டர் காலியாக வேண்டும்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் போய், கடை வேலையை முடித்துத் திரும்பி வரும் கார்களுக்கு நிலைமை இன்னும் மோசம். குளிரில் எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. ஹைபிரிட் கார்களில் எஞ்சின் அடிக்கடி அணைவதால் பர்ஜ் செய்யக் கிடைக்கும் நேரம் மேலும் குறையும். இப்படிப்பட்ட ஓட்டம் உள்ளவர்கள் இடைக்கிடை காரை அரை மணி நேரமாவது நிதானமான வேகத்தில் ஓட்டுவது நல்லது. கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் மிதமாக ஓடும் துண்டுகள் அதற்குப் போதும்.

இந்தக் கஷ்டத்தோடு நாம் சேர்க்கும் கஷ்டம் ஒன்று உண்டு. பெற்றோல் செட்டில் பம்ப் "டக்" என்று தானாக நின்ற பிறகும், தொகையைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்வது. 2022 நெருக்கடிக் காலத்தில், அடுத்து எப்போது கிடைக்குமோ என்ற பயத்தில் விளிம்பு வரை நிரப்பிப் பழகியவர்கள் பலர். டேங்கின் மேலே ஆவிக்கென்று விட்டிருக்கும் இடத்தில் திரவப் பெற்றோல் நிற்கும்போது, அது ஆவிக்குழாய் வழியாகக் கெனிஸ்டருக்குள் வழிந்துவிடலாம். ஏற்றத்தில் கார் சாய்ந்து நின்றால் இன்னும் இலகுவாக வழியும். கரி ஆவிக்காகச் செய்யப்பட்டது, திரவத்தில் நனைந்தால் அதன் துளைகள் நிரம்பி வேலை செய்யாமல் போகும். முதல் "டக்" வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். ஐயாயிரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

பழுது எப்படித் தெரியும்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவில் 1996 முதல் கார்களின் கம்பியூட்டரே இந்த அமைப்பில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிறது. மூன்றாவது வாயை ஒரு வால்வால் மூடி, பர்ஜ் வால்வால் சிறிது இழுத்து, பிறகு அதையும் மூடி, உள்ளே அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும். பிந்திய மொடல்களில் அரை மில்லிமீற்றர் துளையைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வரும் கார்கள் பலவற்றில் இந்தக் கசிவுச் சோதனை இல்லை. கெனிஸ்டர் இருக்கும், பர்ஜ் வால்வு இருக்கும், கசிவைக் கண்டுபிடிக்கும் உணரி இருக்காது. யூடியூப்பில் அமெரிக்க மெக்கானிக் ஒருவர் "பீ0455 கோட் வரும்" என்று, அதாவது பெரிய ஆவிக் கசிவு என்ற பழுதுக் குறியீடு வரும் என்று, சொல்வதைப் பார்த்துவிட்டு, நம் காரில் லைட் எரியவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவெடுக்கக் கூடாது. நம் கார்களில் முதல் கருவி மூக்குத்தான்.

காலையில் காரை எடுக்கப் போகும்போது வாடை வருகிறதா, நீண்ட ஏற்றம் முடித்து நிறுத்தியதும் வருகிறதா, எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கவனியுங்கள். முன்பக்கம் என்றால் பர்ஜ் குழாய் (கெனிஸ்டர் பொனட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும்), பின்பக்கம் என்றால் டேங்க் மூடி, கெனிஸ்டர், ஆவிக்குழாய். பின் சீற்றுக்குள் வாடை அதிகம் வந்தால் வேறொரு சந்தேகமும் உண்டு: பல கார்களில் பெற்றோல் பம்ப் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும், பம்ப் மாற்றியபோது அதன் ரப்பர் வளையத்தைச் சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம். எங்கேயாவது ஈரமாகப் பெற்றோல் தெரிந்தால் அது ஆவி அமைப்பின் பிரச்சினை இல்லை, திரவக் கசிவு. அந்தக் காரை அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வாடை வராமல்கூட இருக்கலாம், ஆனால் எஞ்சின் சொல்லும். ஐட்லில் எஞ்சின் ஏறி இறங்கும். பெற்றோல் நிரப்பிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்காது, பல முறை சுற்றிய பிறகு பிடிக்கும். நிரப்பும்போது எழுந்த ஆவியெல்லாம் கட்டுப்பாடில்லாமல் மெனிஃபோல்டுக்குப் போய்விடுவதே காரணம். புகைப் பரிசோதனையில் ஐட்ல் அளவு கூடிவிடுவதற்கும் இது ஒரு காரணம். பிளக், ஒக்சிஜன் உணரி, இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செலவழித்த பிறகு கடைசியில் இந்தச் சிறிய வால்வைப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம்.

மூன்றாவது வாய் அடைபட்டால் குறிகள் வேறு. பெற்றோல் அடிக்கும்போது பம்ப் திரும்பத் திரும்ப "டக் டக்" என்று நின்றுகொண்டே இருக்கும், ஏனென்றால் டேங்கிலிருந்து காற்று வெளியேற வழியில்லை. மூடியைத் திறக்கும்போது காற்று பலமாக உள்ளே இழுபடும் சத்தம் கேட்கும். மூடியும் கம்பெனி மூடி இல்லையென்றால், டேங்கில் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் திணறி அணைந்துவிடலாம். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். ஏற்றம் முடித்து மூடியைத் திறக்கும்போது இலேசாக "உஸ்" என்பது சாதாரணம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடைப்பது எது? நம் பக்கத்தில் இரண்டு பேர். தோட்டப் பாதையின் சேறும் தூசியும் ஒன்று. மண் குளவி மற்றது. விரல் அளவு குழாய் வாய் ஒன்று கிடைத்தால் குளவி அதற்குள் கூடு கட்டிவிடும், பல நாள் நிறுத்தி வைத்த காரில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது. குழாய்களைக் கடிப்பவர்கள் எலிகள். குளிர் இரவில் எஞ்சின் சூட்டைத் தேடி பொனட்டுக்குள் வரும் எலிக்கு ரப்பர் குழாய் என்றால் விருப்பம்.

பார்த்துச் சரி செய்யும் வரிசை

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, காய்ந்து கல் மாதிரி இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். வளையம் உட்காரும் விளிம்பில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியைத் திருகும்போது "கிளிக்" சத்தம் கேட்கும் வரை திருக வேண்டும். மூடி தொலைந்ததற்காக ஏதோ ஒரு பூட்டு மூடியைப் போட்டிருந்தால், அதில் உள்ளே காற்றை விடும் சிறு வால்வு இருக்கிறதா என்பது சந்தேகம். அந்தக் காரின் மொடலுக்கான மூடியையே வாங்குங்கள்.

அடுத்து பர்ஜ் வால்வு. இது எஞ்சினுக்கு அருகில் இருக்கும், இரண்டு குழாயும் ஒரு மின் இணைப்பும் வரும். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கெனிஸ்டரிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். குளிர் எஞ்சினில் ஐட்லில் அங்கே இழுவிசை இருக்கக் கூடாது. விரலை இழுத்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு வால்வைக் கழற்றி எடுத்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். மின்சாரம் இல்லாமல் ஊதினால் காற்று போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்று திறந்து காற்று போக வேண்டும். வாயால் ஊதாமல் ஒரு சிறு கைப்பம்பைப் பயன்படுத்துங்கள், அதற்குள் இருப்பது பெற்றோல் ஆவி. மல்ட்டிமீற்றரில் சுருளின் தடை பல கார்களில் 20 முதல் 40 ஓம் வரை காட்டும், உங்கள் காரின் சரியான அளவைக் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டுப்பட்டிருந்தால் மீற்றர் எதுவும் காட்டாது.

வால்வைக் கழற்றும்போது அதன் வாயிலிருந்து கறுப்பு மணிகள் கொட்டினால், கெனிஸ்டருக்குள்ளே கரியைத் தாங்கும் தடுப்பு உடைந்துவிட்டது என்று பொருள். அப்போது வால்வை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிய வால்விலும் அதே மணிகள் போய்ச் சிக்கும். கெனிஸ்டரை மாற்றி, நடுவில் உள்ள குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் திறந்து ஊதிச் சுத்தம் செய்து, அதற்குப் பிறகுதான் புதிய வால்வைப் பொருத்த வேண்டும். இந்த வரிசையை மெக்கானிக்கிடம் நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு குழாய்கள். முழு நீளத்தையும் விரலால் தடவி, வளைவுகளிலும் கிளிப் பிடிக்கும் இடங்களிலும் வெடிப்பு பாருங்கள். மாற்றும்போது பெற்றோலுக்கென்று செய்த குழாய்தான் போட வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் கண்ணாடி நிறத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போட்டு பைண்டிங் கம்பியால் கட்டிய கார்களைப் பார்க்கிறோம். பெற்றோல் ஆவி அந்தப் பிளாஸ்டிக்கைச் சில மாதங்களில் விறைக்க வைத்து வெடிக்கச் செய்துவிடும்.

கண்ணால் தெரியாத கசிவுக்குப் புகைக் கருவி இருக்கிறது. எண்ணெய்ப் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் அமைப்புக்குள் அனுப்பி, எங்கே புகை வெளிவருகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அந்த அழுத்தம் ஒரு பீஎஸ்ஐயை விடவும் குறைவு. டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் குழாயை இதற்குள் விடுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கெனிஸ்டரும் வால்வுகளும் உடைந்துவிடும், டேங்கே பிதுங்கலாம். சுருட்டையோ துணியையோ எரித்துப் புகை உண்டாக்கி ஊதும் வீட்டுக் கருவிகளும் வேண்டாம். உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் ஆவி என்பதை மறந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

கெனிஸ்டரைக் கடைசியில் பாருங்கள். கழற்றித் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கிறதா, சாய்த்தால் திரவப் பெற்றோல் சொட்டுகிறதா, உடலில் கீறல் இருக்கிறதா? சொட்டினால் மாற்ற வேண்டும். வெயிலில் காய வைத்து மறுபடி போடலாம் என்று சொல்வார்கள், நனைந்து ஊறிய கரி பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை, காய வைக்கும் இடமும் ஆபத்தான இடமாகிவிடும். புதியது விலை கூடுதல் என்பது உண்மை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகமாகவும் கிடைக்கும். அப்படி வாங்கினால் குலுக்கிப் பாருங்கள்: உள்ளே மணல் மாதிரிச் சரசரவென்று உருளக் கூடாது, எந்த வாயிலிருந்தும் கறுப்புத் தூள் வரக் கூடாது.

கழற்றிவிட்டால் என்ன?

கெனிஸ்டரைக் கழற்றிவிட்டு டேங்க் குழாயை அப்படியே காற்றில் விடுவதும், அதை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுவதும் இரண்டும் நடக்கிறது. அடைத்தால் மலையேறும்போது டேங்கில் அழுத்தம் ஏறும், பெற்றோல் குறையும்போது வெற்றிடம் உண்டாகும், பம்ப் சீக்கிரம் போகும். திறந்து விட்டால் ஆவி காரைச் சுற்றியே நிற்கும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே எழுந்து கலையாது, தரையோடு ஊர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு இருந்தாலே தீப்பொறி பட்டால் பற்றும்.

நம் வீடுகளை நினைத்தால் இது சாதாரண விஷயமில்லை. லயத்து வீட்டுச் சுவரோடு கார், அடுத்த சுவருக்குள் விறகு அடுப்பு. சரிவில் கட்டிய வீட்டில் காரை மேலே நிறுத்தினால், ஆவி இறங்கும் திசையில் சமையலறை இருக்கலாம். காலையில் வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்துவது நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் வாடை வரும் காருக்குப் பக்கத்தில் சூடமும் ஊதுபத்தியும் கொளுத்த வேண்டாம். வாடையைச் சரி செய்யும் வரை கோயில் வாசலில் வைத்துக் கொளுத்துங்கள், வண்டியிலிருந்து தள்ளி. கராஜில் குழிக்கு மேல் நிறுத்தி இந்த அமைப்பைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். ஆவி தேங்கும் பள்ளம் அந்தக் குழிதான். வயர் விளக்கைக் குழிக்குள் இறக்காமல், பேட்டரி டோர்ச்சைக் கொண்டு வேலை செய்யும் மெக்கானிக்கிடம் உங்கள் காரைக் கொடுங்கள்.

வேலை முடிந்த பிறகு கார் சரியானதா என்று பார்க்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். எஞ்சின் லைட் எரிந்திருந்தால் ஸ்கேனரில் அழித்துவிடுவார்கள், அழித்ததால் மட்டும் சரியாகிவிட்டதாக எண்ண வேண்டாம். கசிவுச் சோதனை உள்ள கார்களில் அந்தச் சோதனை பல மணி நேரம் நிறுத்தி வைத்துக் குளிர்ந்த எஞ்சினில்தான் ஓடும், டேங்க் பொதுவாகக் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடைப்பட்ட அளவில் இருக்க வேண்டும். நிரம்பிய டேங்கிலும் காலி டேங்கிலும் பெரும்பாலும் நடக்காது. சோதனை இல்லாத ஜப்பானியக் கார் என்றால், டேங்கை முதல் "டக்" வரை நிரப்பி, ஒரு நீண்ட ஏற்றம் ஏறி, இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் கதவைத் திறக்கும் முன் காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். பின்சக்கரத்தின் பக்கம் கொஞ்சம் குனிந்து மோந்து பாருங்கள், ஆவி கீழேதான் நிற்கும். அங்கே இன்னும் வாடை இருந்தால் மெக்கானிக்கிடம் திரும்பிப் போய், எந்த வாயின் பக்கம் பார்த்தார், எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று கேளுங்கள்.